முனியாண்டி கோனர்

மலர்க்கொடி நாற்பத்தொரு வயதில் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டாள். டுரியான் துங்கால் டவுன் முழுக்க அந்தச் செய்தி பரவ அரை நாள் போதுமாக இருந்தது. தம்பி செத்து மூன்று மாதம் ஆகவில்லை, அவனைக் கொன்ற வண்டியிலேயே ஏறிவிட்டாளே என்று பசாரில் கீரைக் கட்டைப் புரட்டிக்கொண்டே பேசினார்கள். காலாகாலத்தில் கல்யாணம் ஆகாதவளுக்குப் புத்தி இப்படித்தான் போகும் என்று சொன்னவர்களும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மலர்க்கொடி மூடப் பார்க்கவும் இல்லை. அவளுக்கு அப்போது ஒரே குறிதான். தம்பி குகனின் சாவுக்கு அவன் மனைவி தேவிஸ்ரீதான் காரணம் என்று, யாரும் மறுவார்த்தை பேச முடியாதபடி நிரூபிக்க வேண்டும். அதற்காகத்தான் பைக்கில் ஏறினாள்.

குகன் பிறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டார். அம்மா முத்தாயி, மலர்க்கொடிக்குப் பதினேழு நடக்கும்போது டெங்கிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அன்றோடு பள்ளிக்கூடப் பை மூலைக்குப் போனது. அவர்கள் குடியிருந்த செராயா தோட்டத்து வாசலுக்கு விடியுமுன் வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஆயர் குரோவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். திரும்பி வந்து தம்பிக்குச் சோறாக்கி, பள்ளிச் சட்டையைத் துவைத்து, பாடம் கேட்டுவிட்டுத்தான் படுப்பாள். அவளைப் பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். தம்பியும் கூட வருவானா என்று மூன்று பேரும் கேட்டார்கள். வருவான் என்றாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இதை அவள் ஒருநாளும் குகனிடம் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் தன் சொல்லை அவன் மீறக்கூடாது என்று எதிர்பார்த்தாள். அவனும் மீறியதில்லை.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் சாலையில், செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில், வலது பக்கமாக ஒரு நீண்ட வளைவு உண்டு. வளைவின் வெளி ஓரத்தில், போகிறவர்களுக்கு இடது கைப் பக்கம், முனீஸ்வரர் கோயில். தகரக் கூரைக்கு வெளியே, இரண்டு ஆள் உயரத்துக்கு, மீசையும் அரிவாளுமாக முனி சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வளைவை அங்கே கோனர் என்பார்கள். முனியாண்டி கோனர் என்றால்தான் அந்த இடம் எல்லாருக்கும் தெரியும். காரில் போகிறவர்கள் இரண்டு ஹார்ன் அடிப்பார்கள். மோட்டாரில் போகிறவர்கள் வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்து, முனியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பாராமல் போனால் முனி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார், பாரம் தாங்காமல் வண்டி கவிழும் என்பது செராயா தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

பதினாறு வயதில் லைசன்ஸ் எடுக்கப்போன குகனுக்கு மலர்க்கொடிதான் தன்னுடைய கப்சாயில் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். தோட்டத்து ஜனங்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் ஓட்டுகிற சின்ன மோட்டார் அது. முப்பதுக்கு மேல் முடுக்கினால் முனகும். அவனைப் பின்னால் உட்கார வைத்து அந்த வளைவில் மெல்லப் போனபடி அவள் சொன்னது இதுதான்.

"பிரேக்க மறந்தாலும் மற, முனியாண்டிய மறக்காத. மூஞ்சிய நேராப் பாத்து, நெஞ்சத் தொட்டுட்டுப் போ. அக்கா மேல சத்தியம்."

குகன் சத்தியம் செய்தான். பதின்மூன்று வருஷம், ஒருநாள் தவறாமல் அப்படியே போனான். கப்சாயில் நிமிர்ந்து உட்கார்ந்து முப்பதில் போகிறவனுக்கு ஒரு கையை எடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது? ஒன்றும் ஆகவில்லை.

இருபத்தைந்து வயதில் அவன் தேவிஸ்ரீயைக் கட்டிக்கொண்டான். புலாவ் செபாங் பெண். கிளினிக் கவுண்டரில் வேலை பார்த்தவள். மலர்க்கொடிக்கு அவளை ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. கேட்டால் ஆயிரம் காரணம் சொல்வாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவவில்லை, குழந்தையோடு இங்கிலீஷில் பேசுகிறாள், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறாள். உண்மைக் காரணம் ஒன்றுதான். பதினேழு வயதிலிருந்து தான் ஒருத்தியாக வளர்த்த பிள்ளை இப்போது இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். இதைச் சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

போன வருஷம் தீபாவளிக்குச் சற்று முன்னால் குகன், இரண்டு வருஷ ஓவர்டைமில் சேர்த்ததை வைத்து இருநூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று வாங்கினான். இரண்டாம் கைதான், ஆனால் கறுப்பும் நீலமுமாகப் பளபளவென்று இருந்தது. மலர்க்கொடியே அவனை ஓட்டச் சொல்லி அதை முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திருநீறு பூசிக் கொண்டுவந்தாள்.

தீபாவளி முடிந்த வாரம், ஒரு சனிக்கிழமை காலை, குகனும் தேவிஸ்ரீயும் வாசலில் சண்டை போட்டார்கள். மலர்க்கொடி குளியலறையில் இருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் வார்த்தைகள் பிடிபடவில்லை. தேவிஸ்ரீயின் குரல் உயர்ந்து உயர்ந்து வந்தது. கடைசியாக, "வாய மூடு" என்று குகன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. பைக் கிளம்பிப் போயிற்று. கால் மணி நேரத்தில் கோயில் பூசாரி போன் செய்தார்.

பைக் வளைவில் திரும்பாமல் நேராகப் போயிருந்தது. சாலையை விட்டு இறங்கி, மழைக் கால்வாயைத் தாண்டி, சிமெண்டுத் திட்டில் மோதி, குகனை முனியின் காலடிக்குப் பத்தடி முன்னால் தூக்கிப் போட்டிருந்தது. எதிரில் வேறு வண்டி இல்லை. சாலையில் பிரேக் அடித்த கோடு ஒன்றுகூட இல்லை என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார்.

அந்த ஒரு வரி போதும். பிரேக் அடிக்கவே இல்லையாம் என்று தோட்டம் பேசிற்று. அப்படி என்றால் புத்தி பேதலித்துப் போயிருக்கிறான். காலையில் வீட்டில் என்ன நடந்தது என்று மலர்க்கொடியைக் கேட்டார்கள். அவள் காத்திருந்தவள்போலச் சொன்னாள். பதினாறாம் நாள் கருமாதிக்குக் கோயில் மண்டபத்தில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு தேவிஸ்ரீ ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தாள். மலர்க்கொடி எழுந்து நின்று அவளைக் கை நீட்டிக் காட்டினாள்.

"வேலைக்குப் போற ஆம்பளைய காலங்காத்தால கத்தி அனுப்புனா அவன் எப்படி ஒழுங்கா வண்டி ஓட்டுவான்? என் தம்பிய முழுங்குனவ அதோ உக்காந்திருக்கா."

தேவிஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு குனிந்து குழந்தையின் தலையைக் கோதிவிட்டாள். மறுநாள் ஒரு பெட்டியோடு புலாவ் செபாங்குக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

தேவிஸ்ரீயின் தாய்மாமன் ராமையாதான் ஒரு கல்யாண வீட்டில் மலர்க்கொடியை நேருக்கு நேர் கேட்டுவிட்டார். உன் தம்பிக்கு அந்த மாதிரி பைக் ஓட்டவே தெரியாது, கோனரில் சாய்க்கத் தெரியாமல் விழுந்தான், அதற்கு எங்கள் வீட்டுப் பெண் தலையிலா பழி போடுவது என்றார். மலர்க்கொடிக்கு உச்சந்தலையில் தீ வைத்தமாதிரி இருந்தது. குகனுக்கா ஓட்டத் தெரியாது? அந்த வளைவை அவன் வாழ்க்கையில் பத்தாயிரம் தடவை திரும்பியிருப்பான். எவ்வளவு வேகத்தில் போனால் அந்த வளைவு தப்பும், எப்படிப்பட்ட வெறியில் போயிருந்தால் பைக் நேராகப் போகும் என்று தானே ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். கப்சாய்க்கு அவள் வைத்திருந்த லைசன்ஸிலேயே இருநூற்றைம்பது வரை ஓட்டலாம்.

பைக்கைப் பழுது பார்த்துக் கொடுத்த ஒர்க்‌ஷாப்காரர் சாவியைக் கையில் வைக்கும்போது, வண்டி வந்தபோது மூன்றாவது கியரில் நின்றிருந்தது என்று சும்மா சொல்லிவைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அவள் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பில் ஹரிதாஸ் என்று ஒருவன் இருந்தான். அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். சின்ன பைக் பந்தயங்களில் ஓடி, தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சின்ன கார்கள் ஓடும் ஒரு கோ-கார்ட் பந்தயத் தளத்தை வாடகைக்கு எடுத்து நாலைந்து பேருக்குப் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். மலர்க்கொடி கேட்டபோது, பைக்கை விற்க ஆள் தேடுகிறாளாக்கும் என்று நினைத்தான். கற்றுக்கொள்ள வேண்டும் என்றதும் ஒருகணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹெல்மெட் அளவு கேட்டான். அந்த மட்டில் நல்ல பையன்.

முதல் ஞாயிறு முழுக்கப் பைக் ஓடவே இல்லை. ஸ்டாண்டில் நிறுத்தி, அதன்மேல் அவளை உட்கார வைத்து, உட்காரச் சொல்லிக்கொடுத்தான். நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு உட்காரக் கற்றுக்கொடுக்கிறான் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. பாதத்தின் நடுப்பகுதி மிதியில் இருக்கக்கூடாது, விரல் முனைக்குப் பின்னால் உள்ள சதை இருக்க வேண்டும். முட்டி இரண்டும் டாங்கை இறுக்க வேண்டும். பைக்கைப் பிடிப்பது தொடைகளின் வேலை. கைகள் ஹாண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல்தான் பிடிக்க வேண்டும். வலது பக்கம் திரும்புவதென்றால், வளைவு வருமுன்பே பின்பக்கத்தில் பாதியைச் சீட்டிலிருந்து வலது புறம் நகர்த்தி, முழங்கையைத் தளர்த்தி, தாடையை வலது கண்ணாடிக்கு நேரே கொண்டுபோக வேண்டும். பிரேக்கும் கியரும் எல்லாம் வளைவுக்கு முன்னால். வளைவுக்குள் போனபின் வலது கை ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகத் திறந்தபடி, வலது பக்க ஹாண்டிலை மெல்ல முன்னோக்கி அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வலது பக்கம் போக வலதுபக்கத்தை முன்னால் தள்ளுவதா, இது என்ன கூத்து என்று அவள் நம்பவில்லை. கப்சாயில் இருபத்தைந்து வருஷம் தன்னை அறியாமல் செய்துகொண்டிருந்ததும் அதுதான் என்று ஹரிதாஸ் சொன்னான். இரண்டாம் ஞாயிறு விழுந்தாள். நான்காம் ஞாயிறு மறுபடி விழுந்தாள். இடுப்பில் தேங்காய் அளவுக்குக் கன்றிப்போனது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும்போது தொடை இரண்டும் நடுங்கின. பக்கத்து மெஷின் காளியம்மா, இந்த வயதில் இது தேவையா என்று கேட்டாள். காளியம்மாவும் செராயா தோட்டம்தான். எது தேவை என்று அவளுக்கு விளக்க மலர்க்கொடிக்கு மனசில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை, எதுவும் யோசிக்காமல் ஒரு வளைவைத் திரும்பினாள். உடம்பு தானாகச் சரிந்தது. பைக் கோடு போட்டதுபோல் உள்ளே போய் வெளியே வந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். உடனே வெட்கமாகவும் வேதனையாகவும் போயிற்று. இந்தச் சந்தோஷத்துக்காகத்தான் குகன் இரண்டு வருஷம் ஓவர்டைம் செய்திருக்கிறான். ஒரு தடவைகூடத் தன்னிடம் சொன்னதில்லையே, தான் கேட்டதும் இல்லையே என்று நினைத்து அழுதாள். அவன் உயிரோடு இருந்தபோது தெரியாத தம்பியை அந்த வளைவுகளில்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஹரிதாஸ் வளைவின் வெளி ஓரத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தான். அதைப் பார்த்துக்கொண்டே திரும்பச் சொன்னான். மலர்க்கொடி பார்த்தாள். உட்கார்ந்த விதம் சரி, வேகம் சரி, எல்லாம் சரி. பைக் மட்டும் கயிறு கட்டி இழுத்ததுபோல் வாளியை நோக்கிப் போயிற்று. தட்டித் தூக்கிவிட்டுப் புல்லில் போய் நின்றாள்.

"பாத்தீங்களாக்கா, கண்ணு எங்க போவுதோ பைக்கும் அங்கதான் போவும். கோனர் முடியற எடத்தத்தான் பாக்கணும். ஓரத்துல என்னா இருந்தாலும் பாக்கக்கூடாதுலா."

மலர்க்கொடி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்திருக்கும்போது வலது கையை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"வலது கையா? ஆக்ஸிலேட்டரும் அதுலதான், முன் பிரேக்கும் அதுலதான். நீங்க அமுக்கிப் பிடிச்சிருக்கறதும் அதுலதான். விட்டீங்கன்னா பைக் நிமிந்து நேராப் போயிரும்." பிறகு சிரித்தான். "யாருக்கா கோனர்ல கைய விடுவா?"

அவள் வாளியை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று மத்தியானமே முனியாண்டி கோனருக்குப் போனாள். ஆள் நடமாட்டமில்லை. மூன்றாவது கியரில், ஐம்பத்தைந்தில், முறையாகச் சாய்ந்து திரும்பிப் பார்த்தாள். பைக் அலுங்காமல் போயிற்று. அந்த வேகத்துக்கு வெறி வேண்டாம், கோபம் வேண்டாம். வேலைக்கு நேரத்தோடு போகிற எவனும் போகிற வேகம் அது. திருப்பிக்கொண்டு வந்து இரண்டாம் முறை போனாள். இந்த முறை எதையும் நினைக்காமல், தன் பாட்டுக்குப் போனாள். முனியின் மீசை கண்ணில் பட்டது. முகம் தானாக இடது பக்கம் திரும்பியது. வலது கை அவளைக் கேட்காமலே ஹாண்டிலை விட்டு நெஞ்சுக்குப் போயிற்று. பைக் எழுந்து நின்றது. அடுத்த நொடி சாலை முடிந்து புல் வந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் ஹரிதாஸ் உடம்பில் ஏற்றி வைத்த பாடம் கையை இழுத்துப் போட்டு அமுக்க வைத்தது. ஒரு சாண் இடைவெளியில் தப்பி, தூரத்தில் போய் நிறுத்தினாள்.

குகனுக்கு ஹரிதாஸ் இல்லை. அக்காதான் இருந்தாள்.

கால்வாய்த் திட்டில் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டாள். சாலையில் பிரேக் கோடு இல்லாததற்குக் காரணம், பிரேக் பிடிக்க வேண்டிய கை நெஞ்சில் இருந்தது. மூன்றாவது கியர் என்றால் அவன் வேகமாகவே போகவில்லை. கோபத்தில் புத்தி பேதலித்தவன் கும்பிட மறந்திருப்பான், உயிரோடு வீடு வந்திருப்பான். இவன் மறக்கவில்லை. அக்கா சொன்னபடி முனியின் முகத்தை நேராகப் பார்த்து, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, அக்கா சொன்னபடியே போய்ச் சேர்ந்திருக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடத்தில் என்று தெரிந்தபோது அவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை.

மூன்று வாரம் தூங்காமல் கிடந்து, நாலாவது வாரம் புலாவ் செபாங்குக்குப் போனாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரே மாதிரி வரிசை வீடுகள் கட்டியிருந்த தாமானில் வீடு. தேவிஸ்ரீ மறுபடி கிளினிக் கவுண்டர் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அன்று லீவு. குழந்தை உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தது, அத்தையை அடையாளம் தெரியாமல் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தேவிஸ்ரீ அடுப்படியில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. மலர்க்கொடி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வாளியிலிருந்து கால்வாய்த் திட்டு வரைக்கும், சத்தியம் வாங்கியதையும் சேர்த்துச் சொன்னாள். கேட்டு முடித்ததும் தேவிஸ்ரீ கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

மலர்க்கொடிக்குப் புரியவில்லை. தேவிஸ்ரீ மெதுவாகச் சொன்னாள். குகன் செத்ததற்கு இரண்டு நாள் முன்பு அவள் அவன் பின்னால் உட்கார்ந்து டவுனுக்குப் போயிருக்கிறாள். அந்த வளைவில் அவன் கையை எடுத்ததும் பைக் ஆடி, ஓரத்துக்குப் போய், தட்டுத்தடுமாறி நின்றிருக்கிறது. அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. சனிக்கிழமை காலை வாசலில் அவள் கத்தியதெல்லாம் அதற்காகத்தான். கோனரில் கும்பிட வேண்டாம், இங்கே வீட்டிலேயே படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போ, இல்லை என்றால் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிடு என்று கெஞ்சியிருக்கிறாள். அவன் கேட்கவில்லை. அவள் குரலை உயர்த்தியிருக்கிறாள்.

"அக்கா காதுல விழுந்தா மனசு ஒடஞ்சிருவாங்க, வாய மூடுன்னாரு. உங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னாரு."

மலர்க்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு மண்டபத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்கும்போதே அது எவ்வளவு கேடுகெட்ட கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது.

"சாமியக் கும்புட வேணாம்னு சொன்னவ, அதான் சாமி அவ தாலியப் பறிச்சிருச்சுன்னு பேசுவாங்க. உங்க பேச்சே பரவாயில்லன்னு இருந்துட்டேன்." தேவிஸ்ரீ அவளை நேராகப் பார்த்தாள். "நீங்க இருநூறு பேரு முன்னால வச்சுச் சொன்னீங்க அண்ணி. இப்ப அடுப்படியில வந்து அழுவறீங்க."

எல்லார் முன்னாலும் சொல்கிறேன், ஆடிப் பூசையில் சொல்கிறேன் என்றாள் மலர்க்கொடி. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுத் தேவிஸ்ரீ கத்தியை எடுத்துக்கொண்டாள்.

ஆடிப் பூசை ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. தீபாராதனை முடிந்து, அன்னதானத்துக்கு முன்னால் கோயில் தலைவர் தம்புசாமி மைக்கில் உபயகாரர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி போய் மைக்கைக் கேட்டாள். தம்பி பெயரில் ஏதோ காணிக்கை அறிவிக்கப் போகிறாள் என்று நினைத்துச் சிரித்தபடி கொடுத்தார். அவளுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. வீட்டில் பத்து நாள் சொல்லிப் பார்த்ததில் பாதி மறந்துபோயிற்று.

"என் தம்பி சாவுக்கு தேவிஸ்ரீ காரணமில்ல. நான் அன்னிக்குச் சொன்னது பொய். கோனர்ல கையெடுத்துக் கும்புடச் சொல்லிக் குடுத்தது நானு. கும்புட்டதாலதான் வண்டி திரும்பல. தயவுசெஞ்சு யாரும் ஓட்டிக்கிட்டே கும்புடாதீங்க. நிறுத்திக் கும்புடுங்க."

தம்புசாமி மைக்கை அவள் கையிலிருந்து மெல்ல, மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். தம்பியைப் பறிகொடுத்த துக்கம், தங்கச்சி என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறது, தன்னைக் கும்பிட்டவனை முனி கைவிட்டதாகச் சரித்திரமே இல்லை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு பந்தி போட்டார்கள்.

பந்தியில்தான் காளியம்மா அதைச் சொன்னாள். போன மாசம் மலர் புலாவ் செபாங் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாளாம், அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டாள் என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொன்னாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொன்னாள். சாம்பார் ஊற்றும்போது அது, அந்த வீட்டில் ஏதோ சாப்பிட்டாளாம் என்று ஆயிற்று. பாயசம் வரும்போது தேவிஸ்ரீ வசிய மருந்து வைத்துவிட்டாள் என்று முடிந்தது. புருஷனைத் தின்றது போதாமல், குற்றத்தைச் சாமி மேல் போட நாத்தனார் புத்தியைக் கட்டி அனுப்பியிருக்கிறாள் பார், எவ்வளவு சாமர்த்தியம் என்று வியந்தார்கள். மலர்க்கொடி அப்படியில்லை என்று ஒவ்வொரு இலையாகப் போய்ச் சொன்னாள். தண்ணீர் கூடத் தரவில்லை, நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தேன் என்றாள். பாவம், அவளுக்கே தெரியவில்லை என்று அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார்கள்.

அந்த வாரமே தோட்டத்துப் பெண்கள் இருவர் கிளினிக்குக்குப் போய், கவுண்டரில் நின்று, நோயாளிகள் எல்லாரும் கேட்கும்படி தேவிஸ்ரீயிடம் ஞாயம் கேட்டிருக்கிறார்கள். கோயில் கமிட்டி கூடி, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மரத்தை வெட்டி, முனிக்குப் புது வர்ணம் அடித்து, வண்டியில் வருகிறவர்கள் தூரத்திலிருந்தே முகத்தைப் பார்க்க வசதியாக இரண்டு பக்கமும் விளக்குப் போடுவது என்று தீர்மானம் போட்டது. அதை மலர்க்கொடியிடம் ஆறுதலுக்காக வந்து சொன்னவரும் தம்புசாமிதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை கேண்டீனில் இருந்தபோது அவள் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. தேவிஸ்ரீ அனுப்பியிருந்தாள். குரலில் அழுகையோ கோபமோ இல்லை.

"அண்ணி, கிளினிக்குல என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. நாங்க ஜொகூர்ல சித்தி வீட்டுக்குப் போறோம். நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா இனிமே எங்கயும் எனக்காகப் பேசாதீங்க. கெட்டதும் வேணாம், நல்லதும் வேணாம். பாப்பாவப் பாக்க வராதீங்க."

மலர்க்கொடி அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு தேவிஸ்ரீயின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். அழைப்பு போகவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த காளியம்மா, சோறு ஆறுகிறது, சாப்பிடு என்றாள்.